996-உம் 1,088-உம்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இல்ல ஆய்வும் ஆள்களை எண்ணும் முறை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள் உள்ளனர் என்கிறது 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆயிரம் ஆண்களுக்கு 1,088 பெண்கள் என்கிறது 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு. இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து நிறுத்தி, பத்தாண்டுகளில் பெண்களின் எண்ணிக்கை உயர்ந்துவிட்டதாக முடிவு கூறும் போக்கு ஆய்வேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் காணப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு வரையறையின்கீழ் எண்ணப்பட்டவை ஆதலின் அவற்றை ஒரே வரிசையில் வைத்தல் பொருந்தாது. யாரை, எங்கே, எந்நாளில், யார் வாய்மொழியைக் கொண்டு எண்ணினர் என்னும் வினாக்களின் வழியே அவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசியக் குடும்ப நல ஆய்வு, இல்லம், பாலின விகிதம், தாய்மொழி, மாதிரிச் சட்டகம்.

முன்னுரை

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின் முதன்மை முடிவுகள் வெளியானபோது, இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுந்துவிட்டனர் என்று நாளிதழ்கள் எழுதின. அகில இந்திய அளவில் அவ்வாய்வு தந்த பாலின விகிதம் 1,020. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் கணக்கெடுப்பு தந்தது 943. நாட்டின் பாலின அமைப்பு பத்தாண்டுகளில் இவ்வளவு மாறுவதற்குப் பெருவாரியான ஆண்கள் இறந்திருக்கவோ வெளியேறியிருக்கவோ வேண்டும். அவ்வாறு எதுவும் நிகழவில்லை. அதே ஆய்வு, முந்தைய ஐந்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளிடையே ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 929 பெண் குழந்தைகளே என்றும் கூறியது. பிறப்பில் குறைந்திருப்போர் தொகையில் மிகுந்திருப்பது எங்ஙனம் என்னும் ஐயம் அங்கேயே எழுந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இடைவெளி இன்னும் பெரிது. 996-க்கும் 1,088-க்கும் இடையே 92 புள்ளிகள் உள்ளன. இவ்விடைவெளியில் மக்கள் மாறிய பங்கு சிறிது. எண்ணும் முறை மாறிய பங்கே பெரிது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அடுப்பைக் கொண்டு வகுக்கப்படும் அலகு

இரு முறைகளுக்கும் அடிப்படை அலகு ஆள் அன்று, இல்லம். கணக்கெடுப்பு ஆவணங்களின்படி, வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் உண்போர் ஓர் இல்லத்தினர். இரத்த உறவு இதற்குத் தேவையில்லை. தமிழ்ச் சமூகவியல் கட்டுரைகளில் 'குடும்பம்' என்ற சொல்லால் இதனைக் குறிப்பது பெருவழக்காக இருப்பினும், அது குழப்பம் தருவது. பாகப்பிரிவினைக்குப் பின் ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு மூட்டும் அண்ணனும் தம்பியும் கணக்கில் இரண்டு இல்லத்தினர். வாடகை அறையில் கூடிச் சமைத்துண்ணும் ஆறு நண்பர்கள் ஓரில்லத்தினர். கூட்டுக்குடும்பம் சிதைந்ததா இல்லையா என்பதை இல்லங்களின் எண்ணிக்கையைக் கொண்டு வாதிடுவோர் இவ்வடுப்புக் கணக்கை மறந்துவிடுகின்றனர்.

கணக்கெடுப்பு இயல்பான இல்லங்களோடு நிற்பதில்லை. விடுதி, உணவகத்தோடு கூடிய தங்குமிடம், சிறை, அனாதை இல்லம், ஆசிரமம் போன்றவற்றில் உறவின்றிச் சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலில் உண்போரை 'நிறுவன இல்லம்' என்று தனியே எண்ணுகிறது. படைமுகாம்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. நடைபாதையிலும் பாலத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் உறங்குவோர் வீடற்றோர் என்ற மூன்றாம் வகையில் அடங்குவர். 2011இல் இவர்களை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28ஆம் நாள் இரவு ஒதுக்கப்பட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வோ இல்லங்களிடம் மட்டுமே செல்கிறது. நிறுவன மக்களும் வீடற்றோரும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. இவ்விரு பிரிவிலும் ஆண்களே மிகுதி என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒரு கணமும் ஓர் இரவும்

இந்தியா முழுவதும் ஒரே காலத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881ஆம் ஆண்டினது. அது முதல் 1931 வரை, குறித்த ஓர் இரவில் எவர் எங்கிருந்தாரோ அவரை அங்கேயே எண்ணும் முறை நிலவியது. 1941இலிருந்து ஒற்றை இரவு கைவிடப்பட்டு, பல நாள் நீளும் காலப்பகுதி கொள்ளப்பட்டது.

2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பாளர்கள் வீடுவீடாகச் சென்றனர். குறிப்புக் கணம் மார்ச் 1ஆம் நாள் தொடங்கும் நள்ளிரவு. மார்ச் 1 முதல் 5 வரை மீண்டும் சென்று, இடையில் பிறந்தோரைச் சேர்த்து, இறந்தோரை நீக்கினர். விதி நுட்பமானது. ஓர் இல்லத்தில் வழக்கமாக உறைபவர், அவ்விருபது நாள்களில் ஒரு பகுதியேனும் அங்கிருந்தாலோ, வெளியே சென்றிருந்தும் பிப்ரவரி 28க்குள் திரும்புபவராயினோ, அவ்வில்லத்திலேயே எண்ணப்படுவார். காலப்பகுதி முழுவதும் வெளியே இருந்தவர், இருந்த இடத்தில் எண்ணப்படுவார். ஆக, இது உறைவிடத்தையும் இருப்பையும் கலந்த முறை.

குடும்ப நல ஆய்வின் இல்ல வினாநிரலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வினாக்கள் வருகின்றன. இவர் வழக்கமாக இங்கே வசிக்கிறாரா? நேற்றிரவு இங்கே தங்கினாரா? முதல் வினாவிற்கு 'ஆம்' என்றோரைக் கூட்டினால் உறைவோர் தொகை கிடைக்கும். இரண்டாவதற்கு 'ஆம்' என்றோரைக் கூட்டினால், விருந்தினர் உள்ளிட, இருந்தோர் தொகை கிடைக்கும். 1,088 என்பதும் 1,020 என்பதும் இரண்டாம் தொகையிலிருந்து கணிக்கப்பட்டவை. அறிக்கையின் அட்டவணையிலேயே இது குறிக்கப்பட்டிருக்கிறது. மேற்கோள் காட்டுவோர் அக்குறிப்பை விட்டுவிடுகின்றனர்.

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றில் இதே வகை வினாநிரலை நிரப்பியபோது ஒரு தாயிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க நேர்ந்தது. மூத்த மகன் திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்கூடத்தில் வேலை செய்பவர். சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை புறப்படுபவர். "அவன் இங்கதான் சாமி இருக்கான், வேலைக்கு மட்டுந்தான் அங்க" என்றார் அத்தாய். நாங்கள் சென்றது புதன்கிழமை. உறைவோர் கணக்கில் அம்மகன் உண்டு; இருந்தோர் கணக்கில் இல்லை. திருப்பூரில் அவர் தங்கும் அறை ஒருவேளை மாதிரிக்குள் வந்திருந்தாலும், பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் அவ்வறையைக் களப்பணியாளர் மும்முறை தட்டிவிட்டுத் திரும்பியிருக்கக் கூடும். 2011 கணக்கெடுப்பு விதிப்படி அவர் ஐயத்துக்கு இடமின்றித் தாயின் வீட்டில் எண்ணப்பட்டிருப்பார். வார இறுதி வருகை ஒன்றே அதற்குப் போதும்.

92 புள்ளிகள் எங்கிருந்து வந்தன

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 996 பெண்களும் 1,000 ஆண்களும் உள்ள தொகையிலிருந்து பெண்களை அப்படியே வைத்துக்கொண்டு 85 ஆண்களை மட்டும் நீக்கினால், எஞ்சிய 915 ஆண்களுக்கு 996 பெண்கள். விகிதம் ஏறத்தாழ 1,088. அதாவது விடுதி, முகாம், பணிக்களம், பூட்டிய அறை, நடைபாதை ஆகிய அனைத்திலுமாக, பெண்களைக் காட்டிலும் கூடுதலாக நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது ஆண்கள் அன்றிரவுப் பட்டியலுக்கு வெளியே நின்றால் போதும், இவ்வளவு பெரிய வேறுபாடு விளைந்துவிடும்.

இவ்வேறுபாடு முழுவதும் வரையறையால் மட்டும் விளைந்தது என்று சொல்வது மிகையாகும். முதுமையில் ஆண்களைவிடப் பெண்கள் நெடிது வாழ்வதால், மூத்தோர் பெருகும் தமிழ்நாட்டில் விகிதம் மெல்ல உயர்வது இயல்பே. களப்பணிக் காலமும் கருதத்தக்கது. தமிழ்நாடு அவ்வாய்வின் இரண்டாம் கட்டத்தில் இடம்பெற்றது. 2020 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை நீண்ட அக்கட்டம் பெருந்தொற்றுக்கால ஊரடங்கால் இடையில் நின்றது. பணியிடங்களும் பயணங்களும் நிலைகுலைந்திருந்த காலத்தில் எந்த இல்லத்தில் எவர் உறங்கினர் என்பதைப் பிற ஆண்டுகளோடு ஒப்பிடுவது எளிதன்று. 2015–16இல் நடந்த நான்காம் ஆய்வில் தமிழ்நாட்டின் விகிதம் 1,033. முறை பெரிதும் ஒன்றாதலால் 1,033ஐயும் 1,088ஐயும் ஒப்பிடலாம். 996ஐ அவ்வரிசையின் தலையில் வைக்க இயலாது.

மாதிரிப் பிழை இதற்குக் காரணமாகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஓர் இலட்சம் பேர் கொண்ட எளிய சமவாய்ப்பு மாதிரியில் பாலின விகிதத்தின் பிழை எல்லை இருபுறமும் ஏறத்தாழ 12 புள்ளிகளே. 92 புள்ளிகளை அது விளக்காது.

ஆனால் பிறப்புப் பாலின விகிதத்தில் நிலைமை நேர்மாறானது. தமிழ்நாட்டில் நான்காம் ஆய்வில் 954ஆக இருந்த இவ்விகிதம் ஐந்தாம் ஆய்வில் 878ஆகக் குறைந்தது. பெண்சிசுக் கொலைக்கும் கருவில் பால் அறிந்து கலைத்தலுக்கும் எதிராகப் பல்லாண்டுகள் போராடிய மாநிலத்தில் இது அச்சம் தரும் எண். எனினும் இது ஆய்வில் நேர்காணப்பட்ட பெண்கள் முந்தைய ஐந்தாண்டுகளில் ஈன்ற குழந்தைகளின் கணக்கு மட்டுமே. ஐயாயிரம் பிறப்புகள் அடங்கிய மாதிரி என்று வைத்துக்கொண்டால் பிழை எல்லை இருபுறமும் ஏறத்தாழ 50 புள்ளிகள். அத்தகைய மாதிரியில் 878 என்ற எண் 830க்கும் 930க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் உண்மை இருக்கலாம் என்றே சொல்கிறது. சரிவு இல்லை என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. சரிவின் அளவைத் துல்லியமாகக் கூற இவ்வாய்வு போதாது என்பதே பொருள். மாவட்ட அளவில் இவ்விகிதத்தைப் பிரித்து வரிசைப்படுத்தும் கட்டுரைகள் பெரும்பாலும் தற்செயலை வரிசைப்படுத்துகின்றன.

பிறப்புகளுக்கென்றே அமைந்தது மாதிரிப் பதிவு முறை. 1969–70 முதல் நாடு முழுவதும் இயங்கும் இம்முறையில், தேர்ந்த ஊர்களிலும் நகர்த் தொகுதிகளிலும் உள்ளூர்க்காரர் ஒருவர் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து எழுதி வருவார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மேற்பார்வையாளர் அப்பட்டியலைப் பாராமலே தனியாக விசாரித்து மற்றொரு பட்டியல் எழுதுவார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை நேரில் சென்று சரிபார்ப்பர். இரு பட்டியல்களின் பொருத்தத்தைக் கொண்டு இரண்டிலும் விடுபட்டவற்றை மதிப்பிடும் வழியைச் சந்திரசேகரனும் டெமிங்கும் 1949ஆம் ஆண்டுக் கட்டுரையில் வகுத்துக் காட்டினர். வங்காளத்தின் சிங்கூர்ப் பகுதித் தரவே அதற்குக் களம்.

விடை கூறுபவர்

எண்ணப்படுபவர் தம்மைப் பற்றித் தாமே விடை கூறுவது அரிது. வீட்டில் இருக்கும் வயதுவந்தோர் ஒருவர் அனைவருக்குமாகச் சொல்கிறார். பெயரில்கூட இது சிக்கல் தரும் என்பதைச் சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு விடையளித்தலைக் கடமையாக்குகிறது. ஆனால் தம் இல்லத்துப் பெண்ணின் பெயரைக் கூற எந்த இல்லத்தலைவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும், தம் கணவர் பெயரையோ வழக்கத்தால் உச்சரிக்கக் கூடாத பிறர் பெயரையோ கூற எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும் விலக்கும் அளிக்கிறது. கணவர் பெயரைச் சொல்லாமல், அப்பெயர் கொண்ட சாமியைச் சுட்டிக்காட்டும் பாட்டிமாரை அறிந்த எவருக்கும் இவ்விலக்கின் தேவை விளங்கும்.

வயது இதனினும் பெரிய இடர்ப்பாடு. நிறைவுற்ற ஆண்டுகளில் வயதைக் கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்றே விடை வருகிறது. ஒற்றை ஆண்டு வயதுகளைத் தரும் சி-13 அட்டவணையை வரைபடமாக்கினால் சுழியத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் தூண்களாக எழுவதைக் காணலாம். 23 முதல் 62 வரையுள்ள வயதுகளில் இத்தூண்களின் உயரத்தை அளப்பது விப்பிள் குறியீடு. குவிப்பே இல்லையெனில் 100, அனைவரும் அவ்விரு எண்களில் முடியும் வயதையே சொன்னால் 500. தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயல், 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் போன்று ஊரார் மறவாத நிகழ்ச்சிகளைச் சொல்லி, அப்போது அவர் கைக்குழந்தையா, பள்ளி சென்றாரா என்று கேட்டு வயதைப் பிடிப்பது களப்பணியாளரின் பழைய வழி.

இல்ல ஆய்வுகளில் வேறொரு வகைத் திரிபும் நேரும். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் நெடிய தனி நேர்காணல் செய்ய வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணைப் பதினான்கு என்றும், நாற்பத்தொன்பது வயதினரை ஐம்பது என்றும் எழுதிவிட்டால் ஒரு மணி நேர வேலை மிச்சம். உலகெங்கும் இத்தகைய ஆய்வுகளில் கண்டறியப்பட்ட குறை இது. களப்பணியாளரைக் குறை கூறுவது எளிது. நாள் ஒன்றுக்கு இத்தனை இல்லம் என்று இலக்கு வைப்பவர்களையும் சேர்த்தே கூற வேண்டும்.

தாய்மொழி வினா

மொழி ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் சி-16 அட்டவணையிலும் விடைக்கும் அச்செண்ணுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் வரையறை. தாய் முன்பே இறந்திருந்தால் அக்காலத்தில் வீட்டில் பேசப்பட்ட மொழி. சொன்னதைச் சொன்னவாறே எழுத வேண்டும். மொழியா கிளைமொழியா என்று கணக்கெடுப்பாளர் தீர்ப்புக் கூறக் கூடாது. 2011இல் இவ்வாறு எழுதப்பட்ட பெயர்கள் 19,569. இவற்றைச் சீர்செய்து 1,369 தாய்மொழிகளாக வகுத்தனர். மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாமல் 'பிற' என்பதற்குள் சென்றன. பதினாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் தாய்மொழிகள் 270 மட்டும் தனித்தனியே காட்டப்பட்டு, அனைத்தும் 121 மொழிகளின்கீழ்த் தொகுக்கப்பட்டன.

இந்தியாவில் தமிழ் பேசுவோர் 6,90,26,881 என்று மேற்கோள் காட்டப்படும் தொகை இவ்வாறு தொகுக்கப்பட்டதே. இருளர் மொழி, கைக்காடி, எருகலா முதலியனவும் அத்தொகையினுள் அடங்கியுள்ளன. இருளர் மொழியைத் தனி மொழியாகக் கொண்டு கமில் சுவலபில் 1973இலேயே நூல் எழுதியிருக்கிறார். இருளர் மொழியைத் தாய்மொழியாகக் கூறியோர் நாடு முழுவதிலும் 12,000க்கும் குறைவு. தமிழ்நாட்டில் மட்டும் இருளர் பழங்குடியினர் 1.89 இலட்சம் பேர். இவ்விடைவெளியைக் கொண்டு மொழி அழிந்துவிட்டது என்று எழுதுவது எளிது. வடமாவட்டங்களில் வாழும் இருளருள் மிகப் பலர் தலைமுறைகளாகத் தமிழே பேசுபவர்கள் என்பதும், நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் பேசுபவர்கள்கூட வெளியூர் ஆசிரியர் ஒருவர் படிவத்தோடு வந்து கேட்கும்போது 'தமிழ்' என்று சொல்லிவிடக் கூடும் என்பதும் ஒருங்கே எண்ணத்தக்கவை. எது எவ்வளவு என்பதை அட்டவணை சொல்லாது. களத்திற்குச் சென்றே அறிய வேண்டும்.

பழைய சட்டகம்

கணக்கெடுப்பிலும் ஆள் விடுபடுவதுண்டு. 2011க்குப் பின் நடத்தப்பட்ட சரிபார்ப்பு ஆய்வு ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக மதிப்பிட்டது. ஆயினும் இல்ல ஆய்வுகள் அனைத்தும் அக்கணக்கெடுப்பின் மேல் நின்றே இயங்குகின்றன. ஐந்தாம் குடும்ப நல ஆய்வின் மாதிரி ஊர்களும் நகர்த் தொகுதிகளும் 2011 பட்டியலிலிருந்து, மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்பு விகிதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டன. தேர்ந்த பகுதியில் வீடுகளைப் புதிதாகப் பட்டியலிட்டு, அதிலிருந்து 22 இல்லங்களைத் தேர்ந்தனர். பட்டியல் புதிது, ஆனால் அப்பகுதி தேர்வதற்கான வாய்ப்பு பழையது. 2011இல் வயலாக இருந்து இன்று அடுக்குமாடிகளாலும் தொழிலாளர் குடியிருப்புகளாலும் நிறைந்த சென்னைப் புறநகர்ப் பகுதிகள் மாதிரிக்குள் வரும் வாய்ப்பு அவற்றின் இன்றைய அளவுக்கு ஏற்றதன்று. வெளிமாநில ஆண் தொழிலாளர் திரள்வதும் இத்தகைய இடங்களில்தான்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. 2025 ஜூன் 16ஆம் நாள் அறிவிக்கையின்படி அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புக் கணம் 2027 மார்ச் 1. பனிபடர்ந்த சில பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. அதன் அட்டவணைகள் வெளிவரும் வரை, தமிழ்நாட்டின் 996க்கு அருகில் நேராக வைத்து ஒப்பிடத்தக்க எண் ஆய்வாளர் கையில் இல்லை.